நடுவில் நிற்கிற பெண்

“என்ன தம்பி, ஷூட்டிங்கா?”

கேட்டவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். ஒரு கையில் துணிக்கடைப் பை, இன்னொரு கையில் பேரன் பாதி குடித்துவிட்டுக் கொடுத்துப் போன மாதுளை ஜூஸ். 2025 டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. சென்னை எக்ஸ்பிரஸ் அவென்யூ மாலுக்குள், கடைகளுக்கும் எஸ்கலேட்டர்களுக்கும் நடுவே ஒரு கண்ணாடி அறையை எழுப்பி, அதன்மேல் விளக்கைப் பாய்ச்சியிருந்தார்கள். நான் மேல்மாடிக் கைப்பிடியில் சாய்ந்தபடி நல்ல இடமாகப் பிடித்து வைத்திருந்தேன். பாட்டி பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்.

“இல்லைங்க பாட்டி, மேட்ச். ஸ்குவாஷ். உலகக் கோப்பை ஃபைனல்.”

“ஸ்குவாஷா? அது பாட்டில்ல வருமே, தண்ணி ஊத்திக் கலக்குவோமே?”

என் அம்மாவும் இதையேதான் கேட்டார். பத்து வருஷத்துக்கு முன்னால், 38 வயதில், நான் மட்டையும் பையுமாக வீட்டுக்கு வந்த அன்று.

“அங்க நிக்கிறாங்களே, அவங்க பேரு ஜோஷ்னா சின்னப்பா. நம்ம ஊரு. முப்பத்தொன்பது வயசு.”

“முப்பத்தொன்பதா!” பாட்டி துணிப்பையைக் காலடியில் வைத்தார். கொஞ்ச நேரம் இருப்பார் என்று தெரிந்துவிட்டது.

ஸ்குவாஷை யாருக்காவது விளக்கும்போது நான் எப்போதும் ஃபிளாட்டில்தான் ஆரம்பிப்பேன். 32 அடி நீளம், 21 அடி அகலம். 672 சதுர அடி. சென்னையில் ஒரு சின்ன ஃபிளாட். அந்த ஃபிளாட்டுக்குள் இரண்டு பேரை விட்டுக் கதவைச் சாத்திவிட வேண்டும். இருவர் கையிலும் மட்டை, இருவரும் பார்ப்பது ஒரே சுவரை. டென்னிஸ், பாட்மிண்டனில் எதிராளி வலைக்கு அந்தப் பக்கம் இருப்பார். இங்கே அவர் உங்கள் முதுகுக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டிருப்பார். பந்து முன்சுவரில் பட வேண்டும். சுவரின் அடியில் ஒரு தகரப் பட்டை உண்டு, அதில் பட்டால் ‘டங்’கென்று சத்தம் வந்து புள்ளி போய்விடும். தரையில் இரண்டாவது முறை குதிப்பதற்குள் அடுத்தவர் அடித்தாக வேண்டும். அவ்வளவுதான் விதி. மீதியெல்லாம் அந்த 672 சதுர அடியில் நடு இடம் யாருக்கு என்கிற சண்டை. தரையில் சிவப்புக் கோடுகள் ஆங்கில ‘T’ எழுத்து மாதிரி சேரும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே நிற்பவருக்கு எந்த மூலையும் இரண்டு மூன்று எட்டுதான். அங்கிருந்து விரட்டப்பட்டவர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இதைச் சுருக்கிப் பாட்டியிடம் சொன்னேன். “நடுவுல யாரு நிக்கிறாங்கன்னு பாத்துக்கிட்டே இருங்க. பந்தைப் பாக்காதீங்க.”

பந்தைப் பார்த்தாலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. 40 மில்லிமீட்டர் விட்டம், ஏறக்குறைய 24 கிராம் எடை, கறுப்பு ரப்பர். பெரிய நெல்லிக்காய் அளவு. தொழில்முறை ஆட்டக்காரர்கள் அடிக்கும் பந்தில் இரண்டு மஞ்சள் புள்ளிகள் இருக்கும். முதல் நாள் ஆபீஸ் நண்பர் அந்தப் பந்தை என் கையில் கொடுத்தபோது, தோள் உயரத்திலிருந்து தரையில் போட்டுப் பார்த்தேன். அது குதிக்கவே இல்லை. தொப்பென்று விழுந்து ஓரமாக உருண்டு போய் நின்றது. ஓட்டைப் பந்து என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தேன். நண்பர் சிரித்துக்கொண்டே சுவரில் அடிக்க ஆரம்பித்தார். இருபது தடவை, முப்பது தடவை. அப்புறம் பந்தை எடுத்து என் கன்னத்தில் வைத்தார். சுட்டது. இப்போது கீழே போட்டால் துள்ளியது. உள்ளே இருக்கும் காற்று சூடாகி ரப்பர் இளகினால்தான் அந்தப் பந்துக்கு உயிர் வரும். விட்டால் மறுபடி ஆறிப் போகும். உலகத் தரத்தில் ஆடுகிறவர்கள் அடிக்கிற அடியில் அது ஆறவே ஆறாது. என்னைப் போன்றவர்கள் ஆடினால் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை செத்துப் போகும். அதனால் எங்களுக்கென்று ஒற்றை மஞ்சள் புள்ளி, சிவப்புப் புள்ளி, நீலப் புள்ளி என்று துள்ளல் கூடுதலான பந்துகளும் இருக்கின்றன. கௌரவம் பார்த்து யாரும் வாங்குவதில்லை.

நான் அப்போது குடியிருந்த அடுக்குமாடியின் விளம்பரப் புத்தகத்தில் நீச்சல் குளத்துக்குப் பக்கத்துப் படம் ஸ்குவாஷ் கோர்ட்தான். நேரில் போனால், உள்ளே விநாயகர் சதுர்த்திப் பந்தல் கம்புகள், கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகள், யாரோ வேண்டாம் என்று விட்டுப்போன ஒரு ஃபிரிட்ஜ். சங்கக் கூட்டத்தில் இரண்டு தடவை எழுந்து பேசிப் பார்த்தேன். “சார், நீங்க ஒருத்தர்தான் கேக்கறீங்க” என்றார்கள். உண்மைதான், நான் ஒருவன்தான்.

இப்படிப்பட்ட விளையாட்டை ஒருவர் எட்டு வயது வாக்கில் தொடங்கி நாற்பது வரை தொழிலாகவே ஆடியிருக்கிறார் என்பது எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் நம்ப முடியாததாகத்தான் இருக்கிறது.

ஜோஷ்னா சென்னையில் 1986 செப்டம்பரில் பிறந்தவர். குடும்பம் குடகு. ஃபீல்டு மார்ஷல் கரியப்பாவின் உறவு வழி. அப்பா அஞ்சன் சின்னப்பா தமிழ்நாட்டு அணிக்காக ஸ்குவாஷ் ஆடியவர். மகளை மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனதும் முதலில் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். சேப்பாக்கம் மைதானத்தின் கூரைக்கு அடியிலேயே இருக்கும் கிளப் அது. வெளியே ஊரே கிரிக்கெட்டுக்குக் கத்திக்கொண்டிருக்க, உள்ளே ஒரு சின்னப் பெண் சுவரில் பந்தடித்துக்கொண்டிருக்கிறாள் என்கிற காட்சி என் மனசுக்குப் பிடித்த ஒன்று. நான் பார்த்ததில்லை, கற்பனைதான்.

2000ஆம் ஆண்டு, 14 வயதில், பெண்களுக்கான தேசிய சாம்பியன். ஜூனியர் பட்டம் இல்லை, பெரியவர்களுக்கான பட்டம். அந்த வருஷம் நான் கல்லூரியில் இருந்தேன். காலையில் எழுந்ததும் நாளிதழைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிற ஆள். இந்தச் செய்தியைப் பார்த்த ஞாபகம் துளியும் இல்லை. வந்திருக்கும், ஒரு விரல் அகலத்துக்கு.

சென்னை இந்திய ஸ்குவாஷின் தலைநகரமானதும் அதே காலத்தில்தான். அதுவரை இந்த ஆட்டம் பம்பாய் கிளப்புகளுக்கும் ராணுவத்துக்கும் ராஜகுடும்பங்களுக்கும் சொந்தமானதாக இருந்தது. 1977 முதல் 1992 வரை தொடர்ச்சியாக 16 முறை தேசிய சாம்பியனாக இருந்த புவனேஸ்வரி குமாரி, ஆல்வார் அரச குடும்பத்துப் பெண். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நேரு பார்க்கில் இந்தியன் ஸ்குவாஷ் அகாடமி வந்தபிறகு கதை மாறியது. மலேசியாவிலிருந்து பயிற்சியாளர் மேஜர் மணியம் வந்தார், அவரோடு இன்னொரு பயிற்சியாளர் சைரஸ் போன்சா. கொல்கத்தாப் பையன் சௌரவ் கோஷல் இங்கே வந்து பயிற்சி எடுத்து, உலக ஜூனியர் தரவரிசையில் முதலிடம் பிடித்த முதல் இந்தியர் ஆனார். சென்னைப் பெண் தீபிகா பள்ளிக்கல் வந்தார். பின்னாளில் தீபிகாவின் சகோதரியை சௌரவ் கல்யாணம் செய்துகொண்டார். இந்திய ஸ்குவாஷ் எவ்வளவு சின்ன உலகம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. கலப்பு இரட்டையரில் சௌரவும் மனைவியின் சகோதரியும் ஜோடி.

ஜூனியராக ஜோஷ்னா அடைந்த உச்சம் 2005 உலக ஜூனியர் போட்டி. பெல்ஜியத்தில் இறுதிப் போட்டி வரை போனார். எதிரே 16 வயது எகிப்தியப் பெண், ரனீம் எல் வெலிலி. ஜோஷ்னா தோற்றார். அந்த ரனீம் பத்து வருஷம் கழித்து உலகின் நம்பர் ஒன் ஆனார், 2017இல் உலக சாம்பியன் ஆனார், 2020இல் போதும் என்று ஓய்வும் பெற்றுவிட்டார். அவரைவிட இரண்டு வயது மூத்த ஜோஷ்னா இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார். இரண்டு பேரில் யாருடைய வாழ்க்கை வெற்றி என்று கேட்டால் எல்லோரும் ரனீமைத்தான் சொல்வார்கள், நானும் அதை மறுக்கப் போவதில்லை. ஆனால் எனக்கு விளங்காமல் இழுப்பது மற்றவருடைய வாழ்க்கைதான்.

விளையாட்டைத் தொழிலாக எடுத்தவர் என்றதும் நமக்கு ஐபிஎல் ஏலம்தான் கண்முன் வரும். ஸ்குவாஷில் அந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று நான் தெரிந்துகொண்டது மெதுவாகத்தான். முதலில் பிஎஸ்ஏ என்கிற தொழில்முறைச் சங்கத்தில் பணம் கட்டிச் சேர வேண்டும். தரவரிசை எண் ஒன்று கிடைக்கும், சேரும்போது எங்கோ பாதாளத்தில். பெரிய போட்டிகளில் நுழைய அந்த எண் போதாது. அதனால் கீழ்ப்படிப் போட்டிகளுக்குப் போக வேண்டும். அவை நடப்பது கனடாவின் வின்னிபெக், அமெரிக்காவின் ரிச்மண்ட் என்று எங்கெங்கோ. விமானச் சீட்டு சொந்தச் செலவு. தங்க ஓட்டலுக்குக் கட்டுப்படியாகாது என்பதால், போட்டி நடத்தும் கிளப்பின் உறுப்பினர் யாராவது தங்கள் வீட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுப்பார்கள். அந்த வீட்டு நாயோடும் குழந்தைகளோடும் பழகி, அவர்கள் வைத்ததைச் சாப்பிட்டு, மறுநாள் காலையில் கோர்ட்டுக்குப் போக வேண்டும். முதல் சுற்றில் தோற்றால், நாற்பது நிமிஷத்தில் கதை முடிந்தது. பெட்டியைக் கட்டு, அடுத்த ஊர்.

பார்வையாளர்கள்? கோர்ட்டின் பின்கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாலைந்து வரிசை பெஞ்சு. அதில் பாதி ஆட்கள் அடுத்த மேட்ச் ஆடப்போகிறவர்கள்.

வருமானத்துக்குப் பலர் ஐரோப்பிய லீக்குகளில் ஆடுவார்கள். வார இறுதியில் ரயிலேறிப் போய் ஒரு ஜெர்மன் கிளப்புக்கோ டச்சு கிளப்புக்கோ ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டு, பேசிய தொகையை வாங்கிக்கொண்டு திரும்புவது. கச்சேரிக்குப் போய்விட்டு வருகிற பக்கவாத்தியக்காரர் மாதிரி. மற்ற நாட்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது. இந்தியாவில் ஒரு வசதி, ஏதாவது அறக்கட்டளையோ அரசாங்கமோ கைகொடுக்கும். ஜோஷ்னாவுக்கு ஆரம்ப காலத்தில் மிட்டல் சாம்பியன்ஸ் டிரஸ்ட் கைகொடுத்தது. அதுவும் இல்லாதவர்கள் 22, 23 வயதில் மட்டையை வைத்துவிட்டு எம்பிஏ சேர்ந்துவிடுவார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஸ்குவாஷ் நன்றாக ஆடினால் இடம் கிடைக்கும் என்பதால், இப்போது நம் ஊர்ப் பெற்றோரில் பலர் பிள்ளைகளைக் கோர்ட்டுக்கு அனுப்புவதே அதற்காகத்தான்.

வீரர்களும் இயந்திரம் இல்லை. ஜோஷ்னாவின் முழங்கால் 2012 வாக்கில் மாதக்கணக்கில் அவரை வெளியே உட்கார வைத்தது. ஸ்குவாஷில் மாதக்கணக்கு என்றால் வருஷக்கணக்கு. தரவரிசை கடந்த 52 வாரப் புள்ளிகளை வைத்துப் போடப்படுவது. ஆடாமல் இருந்தால், உட்கார்ந்த இடத்திலேயே மாடிப்படி கீழே இறங்கிக்கொண்டிருக்கும். குணமாகித் திரும்பினால் மறுபடி முதல் படியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு. அப்படித் திரும்பியவர் 2014இல் ரிச்மண்டில் நடந்த போட்டியை, முன்னாள் உலக நம்பர் ஒன் ரேச்சல் கிரின்ஹாமை இறுதியில் வீழ்த்தி வென்றார். அதற்கு வரவேற்பு கொடுக்க மீனம்பாக்கத்தில் யாரும் மாலையோடு நின்றதாக நினைவில்லை.

அதே வருஷம் ஆகஸ்ட் 2, கிளாஸ்கோ. காமன்வெல்த் விளையாட்டு, பெண்கள் இரட்டையர் இறுதி. ஜோஷ்னாவும் தீபிகாவும் இங்கிலாந்தின் ஜென்னி டங்கால்ஃப் – லாரா மசாரோ ஜோடியை 11-6, 11-8 என்று நேர் செட்டில் முடித்தார்கள். மசாரோ அப்போது உலக சாம்பியன். காமன்வெல்த் ஸ்குவாஷில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கமே தங்கம். அன்றைக்குத்தான் இந்த இரண்டு பேருடைய பெயரும் வீட்டு டிவி வரைக்கும் வந்தது. எனக்கும் இந்த ஆட்டத்தின்மேல் ஒரு கண் விழுந்தது அப்போதுதான், மறைப்பானேன்.

இரட்டையர் ஆட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாம் பதக்கங்களை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் என்பதால், இந்த ஜோடியின் இரட்டையர் பதக்கங்கள்தான் நமக்குப் பெரிதாகத் தெரிகின்றன. 2022இல் இரட்டைக் குழந்தைகள் பிறந்து ஆறு மாதத்தில் தீபிகா திரும்பி வந்து, ஒரே நாளில் ஜோஷ்னாவோடு ஒரு உலகப் பட்டமும் சௌரவோடு ஒரு உலகப் பட்டமும் வென்றது அபாரம்தான். ஆனாலும் ஸ்குவாஷ்காரருடைய அன்றாடப் பிழைப்பு ஒற்றையர். அவருக்குச் சோறு போடும் தரவரிசை எண் அங்கேதான் இருக்கிறது. 2016 ஜூலையில் ஜோஷ்னா உலகத் தரவரிசையில் பத்தாம் இடத்துக்கு வந்தார். வயது 29. எனக்கு அந்த 10தான் தங்கத்தைவிடப் பெரிதாகப் படுகிறது. மாற்றுக்கருத்து உள்ளவர்கள் இருக்கலாம்.

29 வயதில் அது எப்படி நடந்தது என்பதற்கு என்னிடம் ஒரு சொந்த விளக்கம் உண்டு. இந்த ஆட்டத்தின் விதிகள் அவருடைய காலத்திலேயே அவர் காலடியில் மாறிக்கொண்டிருந்தன. அவர் ஆடத் தொடங்கியபோது ராலியை, அதாவது பந்து சாகும்வரை மாறி மாறி அடிப்பதை, சர்வீஸ் போடுகிறவர் வென்றால்தான் புள்ளி, கணக்கு 9 வரை. பிறகு யார் வென்றாலும் புள்ளி, 11 வரை என்று ஆனது. 2015 செப்டம்பரில் பெண்கள் தொழில்முறை ஆட்டத்துக்கும் தகரப் பட்டையின் உயரத்தை 19 அங்குலத்திலிருந்து 17 ஆகக் குறைத்தார்கள். இரண்டு அங்குலம்தானே என்று தோன்றும். முன்சுவரின் கீழ்ப்பகுதியில் மெல்லத் தட்டிவிடும் டிராப் அடிக்கு அந்த இரண்டு அங்குலம் ஒரு புதுக் கதவு. மணிக்கணக்கில் பின்சுவருக்கே தள்ளிக்கொண்டு எதிராளியைச் சோர வைக்கும் பாணிக்கு மதிப்புக் குறைந்து, துணிந்து அடிக்கிறவர்களுக்கு மதிப்புக் கூடியது. ஜோஷ்னா பலமாக அடிப்பவர், வாய்ப்புக் கிடைத்ததும் முடித்துவிடப் பார்ப்பவர். அவருக்கு இது தோதாக அமைந்தது என்பது என் எண்ணம். அடுத்த வருஷமே அந்தப் பத்தாம் இடம்.

2017 ஏப்ரல் 30. இதே மால். ஆசிய சாம்பியன்ஷிப் இறுதியில் ஜோஷ்னாவும் தீபிகாவும் நேருக்கு நேர். இதையும் நான் பார்த்தேன், அப்போது கீழே ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. ஜோஷ்னாவின் புள்ளியை முதலில் சொன்னால், முதல் மூன்று கேமும் 13-15, 12-10, 11-13. தலைக்கு மேலே நாலு மாடியிலும் ஷாப்பிங் பைகளோடு ஆட்கள், நடுவில் ஒருவரை ஒருவர் பத்துப் பதினைந்து வருஷமாக அறிந்த இரண்டு பெண்கள். ஸ்குவாஷில் ஒருவர் வழியில் இன்னொருவர் நின்றுவிட்டால் ‘லெட்’ கேட்கலாம், மறுபடி ஆடலாம். கேட்பதா விடுவதா என்பதே ஒரு கலை. தோழிகள் ஆடும்போது அந்தக் கேள்விக்குள் எத்தனையோ இருக்கும். ஒரு கட்டத்தில் இருவரும் தோள் உரச நின்று, நடுவர் முடிவு சொல்லும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் முன்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலாவது கேம் 11-4. ஐந்தாவது 11-4. ஜோஷ்னா ஆசிய சாம்பியன், அந்தப் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண்.

தீபிகாவைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். தேசியப் போட்டியில் ஆண்களுக்குக் கொடுக்கும் அதே பரிசுப் பணத்தைப் பெண்களுக்கும் கொடுக்கும்வரை ஆடமாட்டேன் என்று 2012 முதல் நாலு வருஷம் அதைப் புறக்கணித்தவர். 2016இல் தொகை சமமானதும் திரும்பி வந்தார். அது இன்னொரு கட்டுரை.

2018இல் ஜோஷ்னா இரண்டு முறை நிக்கோல் டேவிட்டை வென்றார். ஏப்ரலில் எகிப்தின் எல் கூனாவில் 3-0, ஆகஸ்ட் இறுதியில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு அணிப் போட்டியின் அரையிறுதியில் 3-2. பினாங்குக்காரரான நிக்கோல் எட்டு முறை உலக சாம்பியன், ஒன்பது வருஷம் தொடர்ந்து நம்பர் ஒன். நிக்கோலுக்கு அது அந்திமக் காலம் என்று சொல்லலாம், ஆனால் ஜோஷ்னாவும் அப்போது 32ஐத் தொட்டுக்கொண்டிருந்தார். ஜகார்த்தாவில் அதற்கு அடுத்த நாள் இறுதிப் போட்டி. ஹாங்காங்கிடம் தோற்று வெள்ளியோடு திரும்பினார்கள். இந்த ஹாங்காங்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2019இல் நிக்கோல் ஓய்வு பெற்றார், ஒலிம்பிக் ஆடாமலேயே. ஸ்குவாஷ் ஒலிம்பிக் கதவைத் தட்டித் தட்டித் திரும்பிய கதை பெரியது. எனக்கு வலித்தது 2013இல் பியூனஸ் அயர்ஸில் நடந்த ஒலிம்பிக் கமிட்டிக் கூட்டம். உலக ஸ்குவாஷ் கூட்டமைப்பின் தலைவராக அப்போது இருந்தவர் சென்னையைச் சேர்ந்த என். ராமச்சந்திரன். 2020க்கு ஒரே ஓர் இடம், மூன்று பேர் போட்டி. மல்யுத்தம் 49 ஓட்டு, பேஸ்பால் – சாஃப்ட்பால் 24, ஸ்குவாஷ் 22. மல்யுத்தம் சில மாதங்களுக்கு முன்புதான் ஒலிம்பிக்கிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தது, போன வேகத்தில் அதே இடத்தில் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. கடைசியில் 2023 அக்டோபர் 16 அன்று மும்பைக் கூட்டத்தில், 2028 லாஸ் ஏஞ்சலஸுக்கு ஸ்குவாஷையும் சேர்த்தார்கள். ஒற்றையர் மட்டும். அந்த ஒலிம்பிக் தொடங்கும் ஜூலையில் ஜோஷ்னாவுக்கு 41 வயது இருக்கும்.

நடுவில் நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2019இல் 17வது தேசியப் பட்டம், புவனேஸ்வரி குமாரியின் 16 முறியடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பதினெட்டு. ஹாங்சோ ஆசிய விளையாட்டில், அனாஹத் சிங் என்கிற 15 வயது டெல்லிப் பெண்ணோடு ஒரே அணியில் ஆடி வெண்கலம். 2024இல் பத்மஸ்ரீ. பத்மஸ்ரீ வந்தபோது எல்லோரும் இது விடைபெறும் மரியாதை என்றே நினைத்தோம். சௌரவும் அந்த ஆண்டுதான் தொழில்முறை ஆட்டத்திலிருந்து விலகினார். ஜோஷ்னாவுக்கு முழங்கால் மறுபடியும் தகராறு. தரவரிசை நூறைத் தாண்டிக் கீழே போய்விட்டது.

2025 அக்டோபரில் யோகோஹாமாவில் ஜப்பான் ஓபன். மொத்தப் பரிசு 15,000 டாலர். அது வெற்றி பெறுகிறவருக்கு இல்லை, எல்லாச் சுற்றிலும் ஆடும் எல்லோருக்கும் சேர்த்து. ஒரு காலத்தில் உலகின் முதல் பத்து பேரில் ஒருவராக இருந்தவர், அங்கே போய் எகிப்தின் ஹயா அலியை இறுதியில் வீழ்த்தி அந்தப் போட்டியை வென்றார். நான் அதை ஆபீஸ் லிஃப்டில் செல்போனில் படித்தேன். படித்ததும் எனக்குத் தோன்றியது, இவர் எதற்கு இன்னும் போகிறார் என்பதுதான். பணத்துக்கு இல்லை. பெயருக்கும் இல்லை, பெயர் எப்போதோ கிடைத்தாகிவிட்டது. பயணக் களைப்பு, முழங்காலில் ஐஸ் கட்டி, தன் வயதில் பாதி உள்ள பிள்ளைகள். வெளியிலிருந்து பார்க்கிற எனக்கு விடை தெரியாது. ஒன்று மட்டும் என் சொந்த அனுபவத்தில் தெரியும். சுவரை ஒட்டி, அரை அங்குல இடைவெளியில், பந்து ஒரே நேர்கோட்டில் பின்மூலை வரை போய் விழுந்து சாகிற அந்த அடி எப்போதாவது சரியாக வந்துவிட்டால், அன்று இரவு தூக்கம் வராது. எனக்கு அது மாதத்துக்கு ஒரு தடவை வரும். அவருக்கு ஒரு நாளைக்கு ஐந்நூறு வரும்.

சரி, மாலுக்குத் திரும்புவோம். இறுதிப் போட்டியில் எதிரணி ஹாங்காங். முதல் ஆட்டமே ஜோஷ்னாவுக்கு. எதிரே லீ கா யீ, தரவரிசையில் ஜோஷ்னாவைவிட வெகு மேலே இருப்பவர். இந்தப் போட்டியில் ஒரு கேமுக்கு ஏழே புள்ளிகள்தான், சூடு பிடிப்பதற்குள் முடிந்துவிடும். முதல் கேம் 7-3, நமக்கு. இரண்டாவது 2-7. படபடவென்று போய்விட்டது. பாட்டியின் பேரன் வந்து, “ஆயா, அம்மா ஃபுட் கோர்ட்ல தேடுறாங்க” என்று கையைப் பிடித்து இழுத்தான்.

“இரு கண்ணு, ஒரு நிமிஷம்.”

ஒரு நிமிஷம் இல்லை, மூன்றாவது கேமில் பாதி வரை நின்றார். அப்புறம் பையன் அழுவதுபோல் ஆகவே, “தம்பி, வரேன்” என்று துணிப்பையை எடுத்துக்கொண்டு போனார். ஜூஸை என் காலடியிலேயே விட்டுவிட்டார்.

மூன்றாவது 7-5. நாலாவது 7-1. நாலாவதில் ஜோஷ்னா அந்தச் சிவப்புக் கோட்டுச் சந்திப்பை விட்டு நகர்ந்ததாகவே எனக்குத் தோன்றவில்லை. வலது கால் ஒரு எட்டு, இடது கால் ஒரு எட்டு, மறுபடி நடுவில். லீ மூலைக்கு மூலை ஓடிக்கொண்டிருந்தார். கடைசிப் புள்ளி முடிந்ததும் மாலில் எழுந்த சத்தத்தில், எஸ்கலேட்டரில் மேலே வந்துகொண்டிருந்த ஒரு குடும்பம் பயந்து திரும்பிப் பார்த்தது. அடுத்து அபய் சிங், அவரும் சென்னைப் பையன், 3-0. அதற்கடுத்து அனாஹத், 3-0. நாலாவதாக ஆட வேண்டிய வேலவன் செந்தில்குமாருக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. இந்தக் கோப்பையை வென்ற முதல் ஆசிய அணி இந்தியா.

கொஞ்ச நேரம் கழித்து பசியெடுத்து ஃபுட் கோர்ட்டுக்குப் போனேன். பாட்டி ஒரு மேசையில் மகள், மருமகன், பேரன் சகிதம் உட்கார்ந்து தோசையைப் பிய்த்துப் பையனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை உயர்த்தினார்.

“தம்பி, நம்ம பொண்ணு ஜெயிச்சுதா?”

“ஜெயிச்சாச்சு பாட்டி. கோப்பையும் நமக்குத்தான்.”

“நெனச்சேன்” என்றார், மருமகன் பக்கம் திரும்பி. “அந்த இன்னொரு பொண்ணுதான் ஓடிக்கிட்டே இருந்துச்சு. இது நின்ன எடத்துலயே நின்னுச்சு.”